போக ஏழு மணி, வர இரண்டு மணி!

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து இரவு 11 மணிக்குக் கிளம்பும் ஓர் ஆகாய விமானம் மறுநாள் காலை 6 மணிக்குச் சிங்கப்பூரில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே விமானம் அங்கிருந்து 8 மணிக்குப் புறப்பட்டால் 10 மணிக்கெல்லாம் மீனம்பாக்கத்துக்குத் திரும்பி வந்துவிடுகிறது. டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் மணிகளை மட்டும் பார்த்துக் கணக்குப் போடும் பாட்டி, "போவதற்கு ஏழு மணி நேரம், வருவதற்கு இரண்டே மணியா? சிங்கப்பூர் மேட்டில் இருக்கிறதோ? வரும்போது சரிவில் உருண்டு வந்துவிடுகிறதோ?" என்று கேட்டால், அவரைப் பார்த்துச் சிரிக்கலாகாது. மிகவும் நியாயமான கேள்வி அது. அதற்குத் தட்டுத் தடுமாறாமல் பதில் சொல்லக் கூடியவர்கள், மாதம் ஒரு முறை ஆகாயத்தில் பறக்கும் பேரன்மாரிலும் அதிகம் பேர் இல்லை.

இந்தக் கணக்கு வெறும் பொழுதுபோக்கு அல்ல. நம் குடும்பங்களில் பலவற்றுக்கு இப்போது ஒரு கால் இங்கேயும் ஒரு கால் கடலுக்கு அப்பாலும் இருக்கிறது. கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்க்கும்போதே, "அமெரிக்காவில் இருக்கும் மாமா எந்தக் கிழமை புறப்பட்டால் எந்தக் கிழமை வந்து சேருவார்?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. துக்க வீட்டிலும் அதே கேள்விதான் எழுகிறது. "பிள்ளை எப்போது வந்து சேருவான்? அதுவரையில் காத்திருக்கலாமா?" என்று வாசலில் நிற்கிறவர்கள் கேட்கிறார்கள். ஒருவர் சனிக்கிழமை என்பார். மற்றொருவர் ஞாயிற்றுக்கிழமை என்பார். இரண்டு பேரும் ஒரே டிக்கெட்டைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருப்பார்கள்!

குழப்பத்துக்குக் காரணம் இதுதான். நாம் ஒரே கேள்வி என்று நினைப்பதற்குள் மூன்று தனித்தனிக் கணக்குகள் அடங்கியிருக்கின்றன. இரண்டு ஊர்களுக்கும் நடுவே தூரம் எவ்வளவு என்பது பூமியின் கணக்கு. அந்தத் தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது காற்றின் கணக்கு. போய் இறங்கும்போது மணி என்ன என்பது கடிகாரத்தின் கணக்கு. முதல் கணக்கு என்றைக்கும் மாறாதது. இரண்டாவது நாளுக்கு நாள் மாறுவது. மூன்றாவதோ மனிதர்கள் சட்டம் போட்டு மாற்றிக்கொள்வது. ஒன்றோடொன்றைக் கலந்துவிடாமல் மூன்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

ஒரு டிகிரி எத்தனை மைல்?

பூமி உருண்டையானது. அதன் மேல் ஓர் ஊர் எங்கே இருக்கிறது என்பதை வடக்குத் தெற்காகச் சொல்வதற்கு அட்சரேகையும், கிழக்கு மேற்காகச் சொல்வதற்குத் தீர்க்கரேகையும் ஏற்பட்டிருக்கின்றன. இவற்றை டிகிரிக் கணக்கில் சொல்கிறோம். ஒரு டிகிரி எவ்வளவு நீளம் என்பது தெரிந்துவிட்டால் தூரக் கணக்கில் பாதி முடிந்த மாதிரிதான்.

அந்த நீளத்தைக் கண்டுபிடித்த கதையில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. 1802-ஆம் வருஷம் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி பரங்கிமலையை ஒட்டிய சமவெளியில் சுமார் ஏழரை மைல் நீளத்துக்குச் சங்கிலி பிடித்து அளந்தார். அந்த ஆதாரக் கோட்டிலிருந்து ஆரம்பித்த முக்கோண அளவைதான் பல்லாண்டுகளுக்குப் பிறகு இமயமலை வரையில் சென்று எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தையும் உலகத்துக்குச் சொல்லிற்று. அந்த உயரத்தைக் கணித்ததில் பெரும் பங்கு வங்காளத்து ராதாநாத் சிக்தாருக்கு உரியது. லாம்டனுடைய நோக்கங்களில் முக்கியமானது, நம் பிரதேசத்தில் ஒரு டிகிரி எத்தனை நீளம் என்பதைத் துல்லியமாகத் தெரிந்துகொள்வதேயாகும். இன்று அதே பரங்கிமலையின் பக்கத்தில்தான் மீனம்பாக்கம் விமான நிலையம் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் ஒவ்வொரு விமானமும், பூமியை அளக்கத் தொடங்கிய இடத்தைத் தொட்டுக்கொண்டுதான் புறப்படுகிறது என்று சொல்லலாம்.

வடக்குத் தெற்காக ஒரு டிகிரி என்பது ஏறக்குறைய 111.2 கிலோமீட்டர். அதையே அறுபதாகப் பங்கு போட்டால் ஒரு பங்கு 1.852 கிலோமீட்டர். இதற்குக் கடல் மைல் என்று பெயர். கப்பல்காரர்கள் வைத்திருந்த இந்த மைலையே ஆகாய விமானிகளும் சுவீகாரம் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

இனிச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் உள்ள தூரத்தைப் பார்ப்போம். மீனம்பாக்கம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 12.99 டிகிரியில் இருக்கிறது. சாங்கி விமான நிலையம் 1.36 டிகிரியில் இருக்கிறது. வித்தியாசம் 11.63 டிகிரி. அதாவது, தெற்கு நோக்கி 1,293 கிலோமீட்டர். கிழக்கு மேற்கில் மீனம்பாக்கம் 80.17 டிகிரி, சாங்கி 103.99 டிகிரி. வித்தியாசம் 23.82 டிகிரி. துருவங்களை நோக்கிப் போகப் போகத் தீர்க்கரேகைகள் ஒன்றோடொன்று நெருங்கி வருவதால், கிழக்கு மேற்கு டிகிரி கொஞ்சம் குட்டையாகிவிடும். இந்த வட்டாரத்தில் அது சுமார் 110.3 கிலோமீட்டர். ஆகவே கிழக்கு நோக்கி 2,627 கிலோமீட்டர். பள்ளிக்கூடத்தில் படித்த பைதாகரஸின் முக்கோணத்தை நினைவுபடுத்திக்கொண்டு, இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 2,928 கிலோமீட்டர் வருகிறது. பூமி உருண்டை என்பதை மனத்தில் கொண்டு நுட்பமாகக் கணக்கிட்டாலும் சில கிலோமீட்டர்தான் வித்தியாசப்படும்.

ஒரு காலத்தில் 'ரஜூலா' என்ற கப்பல் ஏறக்குறைய ஒரு வாரம் அலைகளில் ஆடி ஆடிக் கடந்த தூரம் இது!

தேசப்படம் செய்யும் மோசம்

இந்த முக்கோண வித்தை கிட்டத்திலுள்ள ஊர்களுக்கு மட்டுமே பலிக்கும். இதே முறையில் சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிட்டால் சுமார் 19,000 கிலோமீட்டர் வரும். உண்மையான தூரமோ 15,349 கிலோமீட்டர்தான். சுமார் 3,600 கிலோமீட்டர் எங்கே போயிற்று?

எங்கேயும் போகவில்லை, முதலிலிருந்தே இல்லை! தப்பு, சுவரில் மாட்டியிருக்கும் தேசப்படத்தினுடையது. ஆரஞ்சுப் பழத்தின் தோலை உரித்து மேஜை மேல் தட்டையாகப் பரப்பப் பாருங்கள். கிழியாமலும் இழுபடாமலும் பரப்ப முடியாது. பூமியின் மேல்தோலைக் காகிதத்தில் பரப்பியவர்களும் வடகோடியையும் தென்கோடியையும் பிடித்து இழுத்துத்தான் பரப்பியிருக்கிறார்கள். ஆகையால் தேசப்படத்தில் நேர்க்கோடாகத் தெரிவது பூமியில் சுற்றுவழி. பூமியில் நேர்வழி தேசப்படத்தில் வில்லாய் வளைந்து தெரியும்.

வீட்டில் குழந்தைகளுக்குப் பூகோள உருண்டை ஒன்று இருந்தால் ஒரு நூலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நுனியைச் சிங்கப்பூர் மேல் வைத்து, மறு நுனியை நியூயார்க் மேல் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். நூல் பசிபிக் சமுத்திரத்தின் மேலும் போகாது, அட்லாண்டிக்கின் மேலும் போகாது. நேராக வடக்கே ஏறி, வட துருவத்துக்கு வெகு அருகில் தாண்டி, அந்தப் பக்கமாக இறங்கும். அதுதான் மிகக் குறைந்த தூரம். இதற்குப் பெருவட்டப் பாதை என்று பெயர்.

இந்த இரண்டு ஊர்களின் விஷயத்தில் ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது. சாங்கி கிழக்கே 104 டிகிரி. நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் மேற்கே 73.8 டிகிரி. இரண்டையும் கூட்டினால் 178 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. அதாவது உருண்டையின் ஒரு பக்கத்தில் ஓர் ஊர், கிட்டத்தட்ட நேர் எதிர்ப்பக்கத்தில் மற்றோர் ஊர். ஆகவே கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும், தூரம் கிடைத்துவிடும். சாங்கியிலிருந்து துருவத்துக்கு ஏற 90-இல் 1.36 போக 88.64 டிகிரி. துருவத்திலிருந்து நியூயார்க்குக்கு இறங்க 90-இல் 40.64 போக 49.36 டிகிரி. மொத்தம் 138 டிகிரி. அதை 111.2-ஆல் பெருக்கினால் 15,346 கிலோமீட்டர்! பெரிய கணித யந்திரங்கள் சொல்லும் விடைக்கும் நாம் அடுப்பங்கரையில் கரித்துண்டால் எழுதிப் போடக்கூடிய விடைக்கும் மூன்று கிலோமீட்டர்தான் வித்தியாசம்.

மற்ற ஊர்களுக்கு இவ்வளவு சுலபமாக முடியாது. திரிகோண கணிதம் படிக்கும் மாணவர்களுக்காகச் சூத்திரத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு அட்சரேகைகளின் சைன்களையும் பெருக்கிக்கொள்ளுங்கள். அவற்றின் கோசைன்களைப் பெருக்கி, அதைத் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கோசைனால் மறுபடியும் பெருக்குங்கள். இரண்டு பெருக்குத் தொகைகளையும் கூட்டினால் வருவது, நமக்கு வேண்டிய கோணத்தின் கோசைன். அந்தக் கோணத்தை 111.2-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும். சென்னையையும் லண்டனையும் இதில் போட்டுப் பாருங்கள். சுமார் 74 டிகிரி, அதாவது 8,230 கிலோமீட்டர் அளவில் வரும்.

காற்று என்னும் கடன்காரன்

தூரம் தெரிந்துவிட்டது. பெரிய ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. 15,349-ஐ 900-ஆல் வகுத்தால் 17 மணி நேரம். கணக்கு முடிந்ததா? இல்லை, இங்கேதான் ஆரம்பமாகிறது.

காவேரியில் வெள்ளம் ஓடும்போது பரிசல் துடுப்புப் போடும் வேகம் ஒன்று. கரையில் நிற்கும் மரங்களைத் தாண்டும் வேகம் வேறு. விமானமும் அப்படித்தான். 900 என்பது அது காற்றைக் கிழித்துச் செல்லும் வேகம். அந்தக் காற்றே பூமியின் மேல் ஆறு மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது. சுமார் பத்துக் கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக, சில சமயம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பாயும் காற்றாறுகள் இருக்கின்றன. ஜெட் ஓட்டம் என்று அவற்றைச் சொல்கிறார்கள். குளிர்காலத்தில் அவற்றுக்குப் பலம் அதிகம்.

இதை முதன்முதலில் ஒழுங்காக அளந்தவர்களில் ஒருவர் வஸபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலை அறிஞர். 1920-க்குப் பிந்திய சில ஆண்டுகளில் டடேனோ என்ற இடத்திலிருந்து பலூன்களை மேலே விட்டு, அவை அடித்துக்கொண்டு போகப்படும் வேகத்தை அவர் குறித்துவைத்தார். உலகத்தார் எல்லாரும் படிக்கட்டும் என்ற நல்லெண்ணத்துடன், 1926-ஆம் வருஷம் அதை எஸ்பராண்டோ என்ற செயற்கைப் பாஷையில் வெளியிட்டார். உலகப் பொதுப் பாஷை என்று பெயர் பெற்றிருந்த அதை உலகத்தில் வெகு சிலரே அறிந்திருந்தபடியால் வெளிநாட்டார் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. 1944-ஆம் வருஷம் ஜப்பானின் மேல் உயரத்தில் பறந்த அமெரிக்க பி-29 விமானங்கள் அந்தக் காற்றில் அகப்பட்டுத் திணறிய பிறகே, ஓயிஷி கண்டது எவ்வளவு பெரிய விஷயம் என்பது விளங்கிற்று.

இந்தக் காற்று பின்னாலிருந்து தள்ளினால் என்ன ஆகும்? 2020-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் பெரும் புயல் அடித்துக்கொண்டிருந்த ஓர் இரவில், நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஒரு பிரிட்டிஷ் விமானம் 4 மணி 56 நிமிஷத்தில் லண்டனைச் சேர்ந்துவிட்டது. சாதாரணமாக அதற்கு ஏழு மணி நேரம் போல் ஒதுக்குவார்கள். வழியில் அதன் தரை வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரையும் தாண்டிற்று. ஆனாலும் அது ஒலியின் வேகத்தை மீறவில்லை. சுற்றியிருந்த காற்றைப் பொறுத்த வரையில் அது வழக்கம் போலத்தான் பறந்தது. காற்றே அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது!

"போகும்போது தள்ளிவிட்டால் வரும்போது தடுக்கும், இரண்டும் சரிக்குச் சரியாய்ப் போய்விடும்" என்று சிலர் நினைக்கலாம். அதுதான் இல்லை. 6,300 கிலோமீட்டர் தூரம் என்றும், விமானத்தின் வேகம் 800 என்றும் வைத்துக்கொள்வோம். காற்றே இல்லாவிட்டால் ஒரு வழிக்கு 7 மணி 52½ நிமிஷம். இப்போது 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசட்டும். காற்றோடு போகும்போது வேகம் 900. பிரயாணம் 7 மணி. எதிர்த்து வரும்போது வேகம் 700. பிரயாணம் 9 மணி. காற்று நமக்குக் கொடுத்தது 52½ நிமிஷம். திருப்பி வாங்கிக்கொண்டது 67½ நிமிஷம். கால் மணி நேரம் வட்டி! ஏனெனில் காற்று உதவி செய்யும் நேரம் குறைவு. உபத்திரவம் செய்யும் நேரம் அதிகம்.

ஆகவே கெட்டிக்கார விமானி குறைந்த தூரத்தைத் தேடுவதில்லை. குறைந்த நேரத்தைத் தேடுகிறார். இதற்கு நம் தேசத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 2016-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் ஏர் இந்தியா விமானம் ஒன்று டில்லியிலிருந்து ஸான்பிரான்ஸிஸ்கோவுக்கு அட்லாண்டிக் வழியை விட்டுப் பசிபிக் வழியாகச் சென்றது. பழைய வழி சுமார் 13,900 கிலோமீட்டர். புதிய வழி சுமார் 15,300 கிலோமீட்டர். 1,400 கிலோமீட்டர் அதிகம் பறந்தும், பதினான்கரை மணி நேரத்தில், பழைய வழியை விடச் சீக்கிரமாகவே போய்ச் சேர்ந்தது. மணிக்கு 1,050 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சராசரி வேகம்! பின்காற்றுத்தான் அந்த உபகாரம் செய்தது. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் செல்லும் விமானமும் பெரும்பாலும் துருவத்தை விட்டுப் பசிபிக் மேலாகத்தான் போகிறது.

வானத்திலும் வேலி உண்டு

காற்று அனுமதித்தாலும் மனிதர்கள் அனுமதிக்க வேண்டுமே! வானம் எல்லாருக்கும் பொது என்று கவிகள் சொல்லலாம். சட்டப்படி ஒவ்வொரு தேசத்துக்கும் அதன் மேலுள்ள வானம் சொந்தம். 2022-ஆம் வருஷம் உக்ரேன் யுத்தம் மூண்டபோது ரஷ்யாவின் வானம் ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டது. பின்லாந்தின் ஹெல்ஸிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு அதுவரை சுமார் ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்த விமானம் வட துருவத்தைச் சுற்றிக்கொண்டு சுமார் 13 மணி நேரம் பறக்க வேண்டியதாயிற்று. இரண்டு ஊர்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒரு டிகிரியும் நகரவில்லை. நேரம் மட்டும் மூன்றரை மணி கூடிவிட்டது. 2019-ஆம் வருஷம் பாகிஸ்தான் தன் வானத்தைச் சில மாதங்கள் மூடிவைத்தபோது டில்லியிலிருந்து மேற்கே சென்ற விமானங்களுக்கும் இதே கதிதான் நேர்ந்தது.

இன்னொரு விஷயத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். விமானக் கம்பெனியார் டிக்கெட்டில் காட்டும் நேரம் ஆகாயத்தில் பறக்கும் நேரம் மட்டுமல்ல. புறப்படும் இடத்தில் விமானம் நிலையத்தை விட்டு நகர ஆரம்பித்ததிலிருந்து, போய்ச் சேரும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும் வரையில் உள்ள நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முறை வரும் வரை காத்திருப்பது, மேலே ஏறுவது, மெதுவாக இறங்குவது எல்லாம் இதில் சேரும். 2,928 கிலோமீட்டரை 900-ஆல் வகுத்தால் சென்னை-சிங்கப்பூர் பிரயாணம் மூன்றேகால் மணிதான். அட்டவணையில் நாலு, நாலரை மணி நேரம் காட்டுவது இந்தக் காரணத்தால்தான். தூரம் குறையக் குறைய இந்தச் சில்லறைச் செலவின் பங்கு அதிகமாகும்.

கணக்குத் தவறினால்

வீட்டில் கணக்குத் தவறினால் விமான நிலையத்தில் காத்துக்கிடப்போம். ஆகாயத்தில் கணக்குத் தவறினால் நடக்கக் கூடியது வேறு.

1937-ஆம் வருஷம் அமீலியா ஏர்ஹார்ட் என்ற வீராங்கனை உலகத்தைச் சுற்றிப் பறந்து வரப் புறப்பட்டார். ஜூன் மாதத்தில் கராச்சியிலும் கல்கத்தாவிலும் இறங்கிச் சென்றார். ஜூலை 2-ஆம் தேதி, வழிகாட்டி பிரெட் நூனனுடன், நியூகினித் தீவிலுள்ள லேயிலிருந்து பசிபிக் நடுவிலுள்ள ஹௌலண்ட் தீவை நோக்கிக் கிளம்பினார். தூரம் 2,556 மைல். அந்தத் தீவின் நீளமோ ஒன்றரை மைல். அகலம் அரை மைல். மணிக்கு 150 மைல் வேகத்தில் போனால் 17 மணி நேரத்தில் சேர வேண்டும். 17 மணி ஆயிற்று, 18 ஆயிற்று, 19 ஆயிற்று. தீவின் அருகில் காத்திருந்த கப்பலுக்கு, எண்ணெய் குறைந்துகொண்டு வருவதாக ரேடியோவில் செய்தி வந்தது. புறப்பட்டு 20 மணி 13 நிமிஷம் ஆனபோது வந்த குரலே கடைசிக் குரல். எவ்வளவு தேடியும் அவர்கள் அகப்படவில்லை. கடலில் தீவு இருந்த இடம் மாறவில்லை; தூரமும் மாறவில்லை. தூரத்தை நேரமாக மாற்றும் இடத்தில்தான், காற்றும் மேகமும் உள்ளே புகுந்துகொள்கின்றன.

இப்படிப்பட்ட பாடங்களுக்குப் பிறகே இன்றைய விதிகள் ஏற்பட்டிருக்கின்றன. பிரயாணத்துக்கு வேண்டிய எண்ணெயோடு, எதிர்பாராத காற்றுக்காகக் கொஞ்சம், இறங்கவேண்டிய ஊரில் இறங்க முடியாமற்போனால் அடுத்த ஊருக்குப் போவதற்குக் கொஞ்சம், அதற்கும் மேலே அரை மணி நேரம் வட்டமிடுவதற்குக் கொஞ்சம் என்று சேர்த்து எடுத்துக்கொண்டுதான் ஜெட் விமானம் கிளம்ப வேண்டும். 2018-ஆம் வருஷம் முதல் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் பக்கம் செல்லும் நெடுந்தூர ஏர்பஸ் விமானம் 1,65,000 லிட்டர் எண்ணெய் கொள்ளும். எல்லாம் நிரப்பினால் கிளம்பும்போது உள்ள மொத்த எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய்தான்! அவ்வளவு பெரிய விமானத்தில் 161 ஆசனங்களே வைத்திருக்கிறார்கள்.

சமுத்திரத்தின் நடுவில் ஒரு பிரயாணிக்கு மாரடைப்பு வந்தால் திரும்புவதா, மேலே போவதா? "பாதி வழி தாண்டிவிட்டால் மேலே போ" என்று சொல்லத் தோன்றும். மேலே சொன்ன 6,300 கிலோமீட்டர் பிரயாணத்தில் பாதி வழி 3,150. ஆனால் பின்காற்று 100 கிலோமீட்டர் வேகத்தில் வீசும்போது, முன்னே போவதும் பின்னே திரும்புவதும் சம நேரமாகும் இடம் 2,756-ஆவது கிலோமீட்டர். அதைத் தாண்டிய பிறகு திரும்பினால் எதிர்க்காற்றில் அகப்பட்டு நேரம் வீணாகும். நோயாளிக்கு வேண்டியது கிட்டத்திலுள்ள ஊர் அல்ல. சீக்கிரம் போய்ச் சேரக் கூடிய ஊர். விமானி இந்த இடத்தைக் கிளம்புவதற்கு முன்பே குறித்துவைத்துக்கொள்கிறார்.

சூரியன் ஒன்று சொல்ல, சட்டம் வேறு சொல்ல

இனிப் பாட்டியின் கேள்விக்கு வருவோம். பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுகிறது. ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் 23.82 டிகிரி வித்தியாசம். ஆகவே சூரியனைக் கேட்டால், சிங்கப்பூர் சென்னைக்கு 95 நிமிஷம் முந்தியது என்று சொல்லும். ஆனால் கடிகாரங்கள் 150 நிமிஷம் என்கின்றன. ஏனெனில் நம் தேசம் முழுவதற்கும் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்திய ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். சிங்கப்பூரார் 1982-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதியிலிருந்து எட்டு மணி முந்திய நேரத்தை வைத்துக்கொண்டார்கள். பிரயாணம் இரு வழியிலும் நாலரை மணிதான். போகும்போது இரண்டரையைக் கூட்டி ஏழு. வரும்போது இரண்டரையைக் கழித்து இரண்டு. மேடும் இல்லை, சரிவும் இல்லை.

நியூயார்க் விஷயத்தில் விசித்திரம் இன்னும் அதிகம். அங்கே வேனிற்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைக்கிறார்கள். நவம்பரில் பின்னால் இழுத்துவிடுகிறார்கள். அதனால் வேனிலில் சிங்கப்பூருக்கு 12 மணியும் குளிர்காலத்தில் 13 மணியும் பிந்தியிருக்கிறது. வேனிலில் சிங்கப்பூரிலிருந்து நண்பகல் 12 மணிக்குப் புறப்பட்டு 18 மணி 40 நிமிஷம் பறந்தவர், அதே நாள் மாலை 6-40-க்கு நியூயார்க்கில் இறங்குகிறார். காலண்டரைப் பார்த்தால் அரை நாள் பிரயாணம் மாதிரி தோன்றும். உடம்பைக் கேட்டால் உண்மை தெரியும். வேளாவேளைக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள், முக்கியமாக இன்ஸுலின் போட்டுக்கொள்கிறவர்கள், இறங்கும் ஊரின் கடிகாரத்தை நம்பிவிடாமல், எத்தனை மணி நேரம் கழிந்தது என்பதைக் கொண்டு, புறப்படுவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்வது அவசியம்.

வீட்டார் செய்ய வேண்டிய கணக்கு

காத்திருக்கும் வீட்டாருக்கு ஒரே ஒரு விதி போதும். புறப்படும் நேரத்தை முதலில் நம் வீட்டுக் கடிகாரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அப்புறம் பிரயாண நேரங்களையும், நடுவில் தங்கும் நேரத்தையும் கூட்டிக்கொண்டே வாருங்கள். வழியிலுள்ள ஊர்களின் கடிகாரங்களைத் திரும்பியும் பார்க்காதீர்கள்.

வேனிற்காலத்தில் ஒருவர் நியூயார்க்கிலிருந்து வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குச் சிங்கப்பூர் வழியாகப் புறப்படுகிறார். நம் நேரம் அப்போது ஒன்பதரை மணி முந்தியது. ஆகவே இங்கே சனிக்கிழமை காலை 7-30. சிங்கப்பூர் வரை 18 மணி 40 நிமிஷம் என்றால் நம் கடிகாரத்தில் ஞாயிறு அதிகாலை 2-10. அங்கே மூன்று மணி நேரம் காத்திருந்து, நாலரை மணி நேரம் பறந்து, ஞாயிறு காலை 9-40-க்குச் சென்னையில் இறங்குவார். வெள்ளி கிளம்பி ஞாயிறு வருகிறார் என்றதும் இரண்டு நாள் என்று மனம் கலங்குகிறது. உண்மையில் கழிவது 26 மணி 10 நிமிஷம். ஒரு நாளுக்குச் சற்று அதிகம். காத்திருக்கலாமா கூடாதா என்று கலங்கி நிற்கும் வீட்டில், இந்த ஒரு வித்தியாசத்தைப் பொறுத்து ஒரு மகன் தன் தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்ப்பதும் பாராமற்போவதும் முடிவாகலாம்.

அந்த வேளையில் கணக்குப் போடுகிறவர் ஒருவராவது வீட்டில் நிதானமாக இருப்பது நல்லது. அது எட்டாவது படிக்கும் பேத்தியாக இருந்தாலும் பாதகமில்லை. இந்தக் கணக்கு அவளுக்கு இன்றைக்கே தெரிந்திருக்கட்டும்.